நிமிர்த்திய படங்கள்

சாய்ந்த படத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பல் மருத்துவரிடம் போனால்கூட, வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். பன்னிரண்டு வருடம் கடைத்தெருவில் பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுத்த கை அது. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரு தோள் இறங்கித்தான் இருக்கும். "இடது தோளைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் சொல்லாமலே கணினியில் தூக்கிவிடப் பழகிக்கொண்டாள். ஊரில் பாதிப்பேர் அவள் புண்ணியத்தில்தான் நேராக நிற்கிறார்கள் என்று அவள் கணவன் கேலி செய்வதுண்டு.

அந்தக் கணவனை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். கொதிக்கும் சேற்றுக் குழிகளைப் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போய் விளக்கம் சொல்வது அவன் வேலை. பதினான்கு வருடமாக ஒரே பேச்சைத்தான் பேசுகிறான், ஆனால் ஒரு நாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. வீட்டிலும் அதே கதைதான். இந்த மனுஷனை அணைக்கிற குமிழ் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தேவலை என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவன் இரண்டு நாள் வெளியூர் போய்விட்டாலோ, வீடு அமைதியாக இருக்கிறதே என்று அவளுக்குத் தூக்கம் வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் எழுந்ததும் முதல் வேலையாக, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் தங்கள் கல்யாணப் படத்தை நேராக்கினாள். நேற்று நேராக்கிய படம்தான். ராத்திரிக்குள் ஒரு விரல் அளவுக்குச் சாய்ந்திருந்தது. நாலைந்து மாதமாக இதே கூத்து.

"உங்க குறட்டையிலதான் இந்தப் படம் ஆடுது" என்றாள்.

"படமே ஆடுற குறட்டையில நீ மட்டும் எப்படித் தூங்குற?" என்று கேட்டுக்கொண்டே அவன் பின்கதவை இழுத்துக் கம்பியை மாட்டினான். அந்தக் கதவு இப்போதெல்லாம் சரியாகச் சாத்திக்கொள்வதில்லை, விட்டால் தானாகத் திறந்துகொள்ளும். தச்சரைக் கூப்பிடுங்கள் என்று அவள் சொல்லி அலுத்துவிட்டாள். எந்தக் கோளாறுக்கும் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கம்பி.

ஊழியர் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள், ஒரே வரிசையாக. அங்கிருந்து சேற்றுக் குழிகளுக்கு நடை தூரம்தான். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் உலர்த்திய துணியெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அந்த நாற்றம் இல்லாவிட்டால்தான் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும்.

குழிகள் இருக்கும் இடம் ஒரு வெளுத்த பள்ளம். மரம் செடி எதுவும் கிடையாது. சுண்ணாம்பு பூத்த தரை, ஆங்காங்கே விரிசல், விரிசலிலிருந்து ஆவி. தரையில் கால் வைக்கக் கூடாது என்பதால் பள்ளத்தின் குறுக்கே மரப்பலகையில் நடைபாதை போட்டிருந்தார்கள். பள்ளத்துக்குப் பின்னால், தூரத்தில், தட்டையான உச்சியோடு ஒரு மலைத்தொடர். கோடு கிழித்ததுபோல் இருக்கும் அந்த உச்சி எல்லாப் படத்திலும் பின்னணியில் விழும்.

குழிகளுக்கு ஊழியர்களே பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் குழிகளுக்கு ஓரகத்திகள் என்று பெயர். ஒருத்தி பொங்கினால் இன்னொருத்தி வாயை மூடிக்கொள்வாள், இருவரும் சேர்ந்து பேசியதாகச் சரித்திரம் இல்லை. எல்லாவற்றிலும் பெரியது மாமனார். பெரிய கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு அகலம் இருக்கும். பசை காய்ச்சுகிற சட்டிபோல நாள் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு தளபுளவென்று கொதிக்கும். எந்நேரமும் முணுமுணுப்பு, என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியாது, அதனால் மாமனார். அவர் தலைமாட்டில் ஐம்பது பேர் நிற்கிற மாதிரி ஒரு பலகை மேடை கட்டி, சுற்றிலும் கைப்பிடிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

அவள் வேலை இந்தக் குழிகளைப் படம் எடுப்பது. வாரத்தில் ஒரு நாள், கேட் திறப்பதற்கு முன்னால், நடைபாதையிலும் மேடையிலும் அடித்திருக்கும் ஆறு இரும்பு முளைகளின் மேல் முக்காலியை நிறுத்தி, ஒவ்வொரு முளையிலிருந்தும் ஒரே கோணத்தில் ஒரு படம். அதை அச்சடித்துப் பெரிய பதிவேட்டில் போன வாரப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். இரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட்டு, குழி அகன்றிருக்கிறதா, விரிசல் புதிதாக விழுந்திருக்கிறதா என்று கீழே எழுத வேண்டும். மேலாளர் கையெழுத்துப் போடுவார். தலைநகரத்து ஆய்வாளர் அம்மா அந்தப் பதிவேட்டை நம்பித்தான் மேடையைத் திறந்து வைக்கலாமா வேண்டாமா என்று சொல்வார்.

முக்காலியின் தலையில் ஒரு ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக்குள் இருக்கும் குமிழ் நடுவில் நின்றால்தான் காமிரா நேராக இருக்கிறது என்று அர்த்தம். அவள் வேலையில் சேர்ந்த நாலாவது வாரமே ஆவியில் அந்தக் கண்ணாடி பால் போல வெளுத்துவிட்டது. வேறு கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். வரவில்லை. தன் கண்ணுக்கு மிஞ்சிய ரசமட்டமா என்று விட்டுவிட்டாள். மேடையின் கைப்பிடிச் சட்டத்தைப் பார்த்துக் காமிராவை நிறுத்துவாள். அப்படியும் கொஞ்சம் சாய்ந்திருந்தால், அறைக்கு வந்து கணினியில் சட்டம் படத்தின் அடிக்கோட்டுக்கு நேராக வரும்வரை திருப்பிவிடுவாள். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஒவ்வொரு வாரமும் அவள் நிமிர்த்தினாள்.

அன்று காலை மாமனார் பேசவில்லை.

சேறு கொதித்தது, ஆனால் சத்தமில்லாமல். தலையணை அளவுக்குக் குமிழிகள் மெதுவாக எழும்பி, வெகுநேரம் அப்படியே நின்று, உடையாமல் அமுங்கிப் போயின. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து படங்களை எடுத்துவிட்டு ஆறாவதுக்கு மேடையில் ஏறி, லென்ஸ் மூடியைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தாள். மூடி விழுந்து, விளிம்பில் நின்று, பலகையின் மேல் உருளத் தொடங்கியது. ஓடிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் அது போன விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். யாரோ கூப்பிட்ட மாதிரி நேரே போய், சட்டத்துக்கு அடியில் நுழைந்து, சேற்றில் விழுந்தது. கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு இல்லை.

நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "கழுவி விட்டா தண்ணியும் அந்தப் பக்கமாத்தான் போயிக் குட்டையா நிக்குது. முன்னெல்லாம் நடுவுல வடிஞ்சிரும்" என்றாள். சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். பெஞ்சின் ஒரு காலுக்கு அடியில் தச்சர் ஒரு கட்டைத் துண்டைச் செருகியிருந்தார். மேடையின் வாசல் கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று ரேடியோ கம்பி போட்டிருந்தான். அவள் இதையெல்லாம் பார்த்தாள், பார்த்துவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

அலுவலகத்தில் மேலாளர் ஒரு யோசனையோடு காத்திருந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

"டிக்கெட் குடுக்கிற இடத்துல டிவி சும்மா தொங்குதும்மா. நீங்க எடுத்த படத்தை எல்லாம் வரிசையா ஓட விட்டா என்ன? கூட்டம் நிக்கிற நேரத்துல பாத்துக்கிட்டு இருக்கும்."

வாரம் ஒன்றாக, நாற்பத்தெட்டு வாரத்துப் படங்கள். எல்லாம் மாமனாரும் மேடையும் தெரிகிற முதல் முளைப் படம். அவற்றை அடுக்கி, ஒரு விநாடிக்கு எட்டுப் படம் என்று வைத்து ஓட விட்டாள். ஆறு விநாடியில் ஒரு வருடம் ஓடி முடிந்தது.

முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேடை ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றது. கைப்பிடிச் சட்டம் நூல் பிடித்த மாதிரி நேர். ஆனால் பின்னால் மலை சரிந்தது. தட்டையாக இருந்த மலை உச்சி ஒரு பக்கம் மெல்ல மெல்ல மேலேறி, கடைசிப் படத்தில் சறுக்குமரம் போல் நின்றது.

இரண்டாவது தடவை ஓட விட்டபோது ஆவியைப் பார்த்தாள். காற்றில்லாத நாட்களில் ஆவி நேராகத்தான் மேலே போகும். அவள் படங்களில் அதுவும் வாரத்துக்கு வாரம் சாய்ந்துகொண்டே போனது.

மலை எங்கேயும் சரியாது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அந்த மயிரிழையையும் அவள்தான் ஒவ்வொரு செவ்வாயும் உட்கார்ந்து துடைத்துப் போட்டிருக்கிறாள். மேடை சேற்றுப் பக்கமாகச் சாயச் சாய, அவள் அதை நிமிர்த்தி, உலகத்தைச் சாய்த்திருக்கிறாள். அவள் மட்டுமா? தச்சர் கட்டைத் துண்டு வைத்தார். ரேடியோ கம்பி போட்டான். ஆளாளுக்கு அவரவர் பங்குக்கு நிமிர்த்தியிருக்கிறார்கள்.

மணி ஒன்பது முப்பத்தைந்து. பத்து மணிக்கு ரேடியோவின் முதல் கூட்டம் மேடையில் ஏறும். ஏறியதும் அவன் எல்லோரையும் சேற்றுப் பக்கச் சட்டத்தில் வரிசையாக நிறுத்தி, "மாமனாருக்குக் காதைக் குடுங்க" என்பான். நாற்பது பேரும் ஒரே பக்கம் குனிவார்கள். பதினான்கு வருடமாக அந்த இடத்தில்தான் கைதட்டல் விழும்.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அவள் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. பேச்சுக்கு நடுவில் தொந்தரவு என்று அவன் தன் போனை அவள் பையில் போட்டுவிட்டுப் போவது வழக்கம்.

மேலாளர் மேசைக்குப் போனாள்.

"சார், பத்து மணிக் கூட்டத்தை மேடையில ஏத்தக் கூடாது. மேடை சாஞ்சிருக்கு."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமா சாயுது."

அவர் பதிவேட்டை எடுத்தார். நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். "போன வாரம் மாற்றம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு முந்தின வாரமும். நாப்பத்தேழு வாரமும் மாற்றம் இல்லை. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார்.

காமிராவில் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஆவி அடித்து லென்ஸ் கெட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நான் நிமிர்த்திட்டேன் சார். ரசமட்டம் கெட்டுப்போச்சு. கைப்பிடியைப் பாத்துப் படத்தை நேராக்கினேன். கைப்பிடிதான் சாஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியல. என் தப்பு."

அவர் முகம் வெளுத்தது. "இருங்க. ஆய்வாளர் அம்மாவைக் கேட்டுடுவோம். அவங்க சொன்னா மூடிடலாம்" என்று போனை எடுத்தார். மறுமுனையில் யாரோ காத்திருக்கச் சொன்னார்கள். அவர் காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தைந்து. அவள் காமிராவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பின்னால் அவர் என்னவோ சொன்னார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு நிமிட நடை. ஓடினாள். பலகைகள் காலடியில் தடதடவென்று அதிர்ந்தன. ஓரகத்திகளைத் தாண்டும்போது அவளை அறியாமல் கால் நின்றது. இரண்டு குழிகளும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, கொதித்துக்கொண்டிருந்தன. பார்த்தது போதும் என்று மறுபடி ஓடினாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டில் அந்த அமைதியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

மேடை கண்ணில் பட்டபோது கூட்டம் ஏறியிருந்தது. குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர்கள், குடை பிடித்தவர்கள், தடி ஊன்றிய ஒரு பெரியவர், எல்லோரும் சேற்றுப் பக்கச் சட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். ரேடியோவின் குரல் கணீரென்று வந்தது.

"மாமனார் இன்னைக்குக் கோவத்துல இருக்கார். சத்தமே இல்ல பாருங்க. இன்னும் கொஞ்சம் குனிஞ்சு காதைக் குடுங்க, அப்பத்தான் கேக்கும்."

கத்தலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கத்தினால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன வாசலுக்குப் பாய்வார்கள். பாய்கிற அதிர்ச்சியே போதும். மூச்சை ஒருமுறை இழுத்து விட்டாள். கல்யாண வீடுகளில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற சம்பந்திகளையும் ஒரே வரிசையில் நிற்க வைத்த குரல் ஒன்று அவளிடம் இருந்தது. அதை எடுத்தாள்.

"எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க. இன்னைக்கு வந்தவங்களுக்கு இலவசமா ஒரு குரூப் படம். அங்க இருந்தா முகத்துல நிழல் விழுது. நடைபாதையை ஒட்டி இருக்கிற இந்தப் பாறைக்கு வந்துடுங்க. முதல்ல குழந்தை வச்சிருக்கிறவங்க."

போலீஸ்காரன் சொன்னால்கூட ஏன் என்று கேட்கிற ஜனங்கள், படம் எடுக்கிறவள் சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. தலைமுடியைச் சரி செய்துகொண்டு இறங்க ஆரம்பித்தார்கள்.

"ஒருத்தர் இறங்கினப்புறம் அடுத்தவங்க. மெதுவா. பலகை அதிர்ந்தா படம் ஆடிடும். தாத்தா, நீங்க அவசரப்படாதீங்க, உங்களுக்கு நடுவுல இடம் வச்சிருக்கேன்."

குரல் நடுங்கவில்லை. ஒவ்வொரு தலையாக எண்ணினாள். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. மேடையில் ரேடியோ மட்டும் மிச்சம். கைதட்டல் வாங்குகிற நேரத்தில் கூட்டத்தைக் கலைத்துவிட்டாளே என்று அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"பேச்சை முடிக்க விட்டிருக்கலாம்ல?" என்றான் அங்கிருந்தே.

"நீங்களும் வாங்க."

"நான் இங்கேயே நிக்கிறேன். பின்னாடி மாமனாரும் தெரியட்டும், நானும் தெரியட்டும்" என்று சட்டத்தின் மூலையில் சாய்ந்து, வழக்கமான தோரணையில் ஒரு முழங்காலை மடக்கி நின்றான்.

அவள் காமிராவைக் கண்ணில் வைத்தாள். கை தன்னிச்சையாகத் திரும்பி, கைப்பிடிச் சட்டத்தை நேராக்கியது. நாற்பத்தொரு பேரும் சாய்ந்துபோனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு காமிராவைத் திருப்பி, மனிதர்களை நேராக்கினாள். இப்போது அவர்களுக்குப் பின்னால் மேடை சரிந்து நின்றது, அதன் தாழ்ந்த மூலையில் அவள் கணவன். ஒரு முழங்காலை மடக்கி நிற்பதை ஆறு மாதமாக அவள் ஸ்டைல் என்று நினைத்திருந்தாள். சரிவில் நிற்கிறவன் கால் வேறு எப்படி இருக்கும்?

கூட்டத்தைத் தாண்டி வாசல்வரை போனாள். குரலைத் தாழ்த்தி, "என்னங்க" என்றாள். "பேசாம, மெதுவா, எங்கிட்ட வாங்க."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளை அப்படி ஒரு முகத்தோடு அவன் பார்த்ததில்லை. வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். சட்டத்திலிருந்து கையை எடுத்து, ஏணியில் ஏறுகிறவன்போல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தான். வாசலைத் தாண்டியதும் பழக்க தோஷத்தில் கதவைச் சாத்திக் கம்பி மாட்டத் திரும்பினான். அவன் சட்டையை அவள் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. சேற்றுப் பக்கத் தூண்கள் அலுத்துப்போன ஆள் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தன. பெஞ்சு சறுக்கிக்கொண்டு போனது. பலகைகள் ஒன்றன் பின் ஒன்றாக நெட்டி முறித்தன. பாதி மேடை சேற்றுக்குள் இறங்கி நின்றபோது, பாறையில் நின்றவர்களில் ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது. ரேடியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே அமளி. கேட்டை மூடினார்கள். தடி ஊன்றிய பெரியவர் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். தச்சர் வந்து எட்டிப் பார்த்து, தூண் மரம் வெந்து போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அந்த அவ்வளவுதான் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. ஆய்வாளர் அம்மா மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். மேலாளர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "நடந்ததை எழுதிக் குடுத்துடுங்கம்மா. நானும் என் பங்குக்கு எழுதுறேன்" என்றார். இத்தனை வாரமாகப் படத்தை நிமிர்த்தியதை ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. ஆள் இருக்கிறான்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. ரேடியோவுக்கு அப்போதுதான் பேச்சு திரும்பியிருந்தது. மேசையில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே, நடந்த கதையை அவளுக்கே சொல்ல ஆரம்பித்தான். கதையில் அவன் கடைசி ஆளாகத் தானே விரும்பி நின்றதாக வந்தது. போகட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது, கண்ணில் நீர் முட்டியது. எழுந்து டம்ளரை எடுக்கப் போனபோது சுவரில் கல்யாணப் படம் கண்ணில் பட்டது. மறுபடி ஒரு விரல் சாய்ந்திருந்தது.

கை தானாக உயர்ந்தது. பாதியில் நின்றது.

ஒரே ஆணியில், ஒரே கயிற்றில் தொங்குகிற படம். அதைப் பிடித்துச் சாய்க்க அந்த வீட்டில் யாரும் இல்லை. அவள் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, வீட்டுச் சாவியைக் கட்டி, படத்தின் ஓரமாகத் தொங்கவிட்டாள். சாவி ஆடி, நிதானித்து, நின்றது. நூலும் படத்தின் ஓரமும் ஒட்டி நின்றன. சுவரின் மூலைதான் இரண்டையும் விட்டு விலகி, மேலே போகப் போக அகன்று போயிருந்தது. படம் நேராகத்தான் இருந்தது. நாலைந்து மாதமாக, தினமும் காலையில், அவள்தான் அதைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோ பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு நூலையே பார்த்தான்.

"பின்கதவுக் கம்பியை எடுங்க" என்றாள்.

அவன் எழுந்து போய்க் கம்பியைக் கழற்றினான். கதவு மெதுவாக, தானாக, திறந்துகொண்டது. வெளியே தூரத்தில் குழிகளின் பக்கம் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"மேடை மட்டும்னு சொன்னாங்களே" என்றான், சின்னக் குரலில்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். டிக்கெட் கொடுக்கும் பெண் கையில் கரண்டியோடு வந்து திறந்தாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் இருவர் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேசையின் ஒரு காலுக்கு அடியில் நாலாக மடித்த அட்டை செருகியிருந்தது.

"அடுப்பை அணைச்சிட்டு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு வாங்க. மெதுவா வாங்க, ஆனா இப்பவே" என்றாள்.

வரிசையின் மறுகோடியில் இருந்த கடைசி வீட்டிலிருந்து தட்ட ஆரம்பித்திருந்தான் ரேடியோ. அவன் குரல் கேட்டது. நடுவில் இன்னும் இருபத்தொரு வீடுகள் இருந்தன.